வெளியே பொட்டாசியம் குறைந்தால் உள்ளே இருப்பது வேகமாக வெளியேற வேண்டும்தானே?

பள்ளியில் உயிரியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எனக்கு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு 63 வயது. ரத்த அழுத்தத்துக்குப் பல வருடங்களாகக் குளோர்தாலிடோன் என்ற, சிறுநீரை அதிகம் போகவைக்கும் (டையூரெட்டிக்) மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தியும் பேதியும் நான்கு நாள். மெடிக்கலில் சொல்லி வாந்திக்கு ஆண்டன்செட்ரானும், ஆன்டிபயாட்டிக்காக அசித்ரோமைசினும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், பிரஷர் மாத்திரையையும் விடாமல் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் காலை குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் பார்த்தபோது பொட்டாசியம் 2.6, மெக்னீசியம் 1.2, இரண்டுமே குறைவு. ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பைத் தொடங்கி ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் நேரம், 530 மில்லி செகண்ட். இரண்டு நாள் மானிட்டரில் வைத்துப் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் மகளுக்குச் சமாதானம் ஆகவில்லை. "பொட்டாசியம் குறைந்ததால் இதயத் தசை பழைய நிலைக்குத் திரும்ப நேரமாகிறது என்றார் டாக்டர். நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது நேர் எதிர். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. வெளியே இன்னும் குறைந்தால் வித்தியாசம் கூடும், உள்ளே இருப்பது இன்னும் வேகமாக வெளியேறும், செல் சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்பும். க்யூடி சுருங்கத்தானே வேண்டும்? எங்களிடம் எதையோ மறைக்கிறார்களோ என்று தோன்றுகிறது" என்கிறார். மெக்னீசியம் எதற்கு, பில்லைக் கூட்டவா என்பது அடுத்த கேள்வி. அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் இரண்டு இளநீர் கொடுத்தால் போதும் என்கிறாராம். தன் மகளுக்கும் இதயப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

டீச்சர், உங்கள் கணக்கில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே சாதாரணமாக 4.2 என்று வையுங்கள். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம், அதாவது அது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் அளவு, மைனஸ் 94 மில்லி வோல்ட் வரும். அம்மாவுக்கு இருந்த 2.6-ஐப் போட்டால் மைனஸ் 106. இதயத் துடிப்பின் நடுவே செல் மைனஸ் 20-இல் நிற்கும் ஒரு நொடித்துளியை எடுத்துக்கொண்டால், பொட்டாசியத்தை வெளியே தள்ளும் விசை 74-இலிருந்து 86 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. நீங்கள் வகுப்பில் சொல்வது இதுதான், இதில் தப்பே இல்லை. தண்ணீர்த் தொட்டியை உயர்த்தினால் குழாயில் வேகம் கூடும் என்பது மாதிரி. ஆனால் குழாயின் வாய் அதே அகலத்தில்தான் இருக்கும் என்று நீங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் போகும் வழிக்குச் சேனல் என்று பெயர்; அதன் வாய் எவ்வளவு திறந்திருக்கும் என்பதை வெளியே இருக்கும் பொட்டாசியமே தீர்மானிக்கிறது. பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. நானும் கல்லூரியில் உங்கள் கணக்கைத்தான் மனப்பாடம் செய்தேன், வார்டில் முதல் நோயாளியின் ஈசிஜியைப் பார்த்துத்தான் முழித்தேன்.

வாசலைப் பிடித்து நிறுத்துவது யார்

பொட்டாசியம் சேனலின் மிகக் குறுகிய பகுதிக்கு வடிகட்டி என்று பெயர். அது எப்படி இருக்கும் என்பதை 1998-ல் ராடரிக் மெக்கின்னன் குழு, ஒரு மண் பாக்டீரியாவின் சேனலைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் படமெடுத்துக் காட்டியது. 2003-ல் வேதியியல் நோபலில் பாதி அவருக்குப் போனது. வடிகட்டியின் சுவரெல்லாம் உள்பக்கம் பார்த்த ஆக்சிஜன் அணுக்கள். பொட்டாசியம் தன்னைச் சுற்றியிருக்கும் நீரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவற்றின் நடுவே கச்சிதமாக உட்காரும். சோடியம் அதைவிடச் சின்னது, அந்த அளவுக்குப் பொருந்தாது. அதனால்தான் நொடிக்குக் கோடிக்கணக்கில் அயனிகள் போகிற ஒரு வழியில் சோடியம் மட்டும் தடுக்கப்படுகிறது.

இந்த வடிகட்டியைக் கல்லில் குடைந்த ஓட்டை என்று நினைக்கக் கூடாது. மஞ்சப்பை வாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாமான் இருந்தால் விரிந்து நிற்கும், காலியானால் துவண்டு மடியும். வடிகட்டியின் வெளிவாய்ப் பக்கம் பொட்டாசியம் உட்கார்ந்திருக்கும் வரை அது விரிந்து நிற்கிறது. வெளியே பொட்டாசியம் குறையும்போது அந்த இடம் காலியாக இருக்கும் நேரம் கூடுகிறது, வாய் உருமாறி அயனி போகாத நிலைக்குப் போய்விடுகிறது. கட்டமைப்பு ஆய்வில் இருப்பவர்கள் என் மஞ்சப்பையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, திசை சரி.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் முக்கியமான சேனலுக்கு ஹெர்க் என்று பெயர். இதன் உறவுக்காரச் சேனல் பழ ஈயில்தான் முதலில் பிடிபட்டது. அந்த மரபணு கெட்டுப்போன ஈக்கு ஈதர் மயக்கம் கொடுத்தால் கால்களை உதறி ஆடுமாம். பெயரும் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் வந்தது. மனிதரிடம் இருக்கும் ஹெர்க், இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஓய்வுக்குத் திரும்புவதற்கான முக்கிய வழி. அதற்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. துடிப்பு தொடங்கிச் செல்லின் உள்பக்கம் பாசிட்டிவ் ஆனதும் உள்கதவு திறக்கும், ஆனால் திறந்த வேகத்தில் வெளிவாய் மடங்கிவிடும். மின்னழுத்தம் இறங்கத் தொடங்கும்போது வெளிவாய் சட்டென்று விரியும், உள்கதவு மெதுவாகத்தான் மூடும். இந்த இடைவெளியில் பொட்டாசியம் கொட்டி வெளியேறுகிறது, துடிப்பு முடிகிறது. வெளிவாய் மடங்கும் பழக்கம் இவ்வளவு பலமாக உள்ள ஒரு சேனலில், அந்த வாயைப் பிடித்து நிறுத்தும் பொட்டாசியமும் குறைந்தால் என்ன ஆகும்? விசை ஆறில் ஒரு பங்கு கூடியும் பிரயோஜனமில்லை, போகிற மின்னோட்டம் மொத்தத்தில் குறைந்துவிடும்.

இது எங்கள் ஊர் டாக்டர்கள் கட்டிய கதையில்லை. 1995-ல் ஹெர்க் மரபணு தரும் சேனலின் மின்னோட்டத்தை அளந்தவர்கள் இதைத்தான் பார்த்தார்கள். வெளியே பொட்டாசியத்தைக் கூட்டினால் வெளியேறும் மின்னோட்டம் குறைய வேண்டும் என்று கணக்கு சொல்ல, சோதனையில் அது கூடியது.

அப்புறம் சோடியம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் 4 என்றால் சோடியம் 140. ஹெர்க்கின் வடிகட்டியைத் தாண்டிச் சோடியத்தால் எளிதில் போக முடியாது, ஆனால் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர் உள்ளேயும் போகாமல், இறங்குகிறவரையும் விடாமல் நிற்பாரே, அதுபோல. பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் அந்த இடத்துக்குப் போட்டி போட்டுச் சோடியத்தை விலக்கிவிடும். 2.6 என்று வரும்போது போட்டி போட ஆள் குறைவு.

இதெல்லாம் மில்லி செகண்ட், செகண்ட் கணக்கில் நடப்பவை. நாள்கணக்கில் நடக்கும் ஒன்றும் உண்டு. முயல்களுக்குப் பொட்டாசியம் குறைந்த தீனி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. வெளியே பொட்டாசியம் குறைவாகவே இருந்தால் ஹெர்க் சேனல்களைச் செல் தன் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு சிதைத்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. வாய் மடங்குவது போதாதென்று வாசல்களின் எண்ணிக்கையே குறைகிறது. அம்மாவின் நான்கு நாள் பேதியையும், அதற்கு முன்னால் குளோர்தாலிடோன் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளியேற்றியிருக்கக்கூடிய பொட்டாசியத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு குடும்பத்துச் சேனலும் இருக்கிறது, ஓய்வு மின்னழுத்தத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது. அதன் கடத்துதிறன் வெளிப் பொட்டாசியத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறி இறங்கும். 4.2 போய் 2.6 வந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போச்சு. சேனல் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல மாட்டேன், வெளியே பொட்டாசியம் குறைந்தால், சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்பும் மந்தமாகும், செல்லுக்குள் கால்சியம் சேரும், தாளம் தப்பித் துடிக்க அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மாணவர்கள் நம்ப மறுத்தால் எதிர்ப்பக்கத்தைக் காட்டுங்கள். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் ஏறியவர்களின் ஈசிஜியில் டி அலை (இதயத் தசை ஓய்வுக்குத் திரும்பும்போது எழுவது) கூடாரம் மாதிரி கூர்மையாக, குறுகலாக எழும்பும். செல்கள் அவசரமாக ஓய்வுக்குத் திரும்புவதன் அடையாளம் அது. உங்கள் கணக்கின்படி அங்கே டி அலை பரந்து படுத்திருக்க வேண்டும்.

மூன்றும் ஒரே வாசலில்

நீங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஆண்டன்செட்ரான், அசித்ரோமைசின் இரண்டுமே க்யூடியை நீட்டும் மருந்துகள். ஆண்டன்செட்ரான் நேரடியாக ஹெர்க்கின் உள்வாயில் போய் அடைத்துக்கொள்ளும். இதற்காகவே அதன் 32 மில்லிகிராம் ஒற்றை ஊசியை அமெரிக்காவில் 2012-ல் நிறுத்தினார்கள். அசித்ரோமைசினுக்கு 2013-ல் எச்சரிக்கை வந்தது. ஆரோக்கியமான முப்பது வயதுக்காரர் இரண்டையும் சாப்பிட்டால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஆனால் வெளியே பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது இந்த வகைத் தடுப்பு இன்னும் பலமாகலாம். குவினிடின், டோஃபெட்டிலைட் என்ற மருந்துகளை வைத்து 1996-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள்: பொட்டாசியம் குறையக் குறைய, அதே அளவு தடுப்புக்கு மருந்து கொஞ்சம் போதும். பெண்களுக்கு க்யூடி இயல்பாகவே சற்று நீளம், வயதும் சேர்ந்துகொள்கிறது. 460 வரை பெண்களுக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்வோம், 500-ஐத் தாண்டினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அம்மாவுக்கு 530. அந்த மயக்கம் வெறும் பேதிக் களைப்பாக இருந்திருக்கலாம், இதயம் சில நொடி கண்டபடி துடித்ததாகவும் இருந்திருக்கலாம். மானிட்டர் இல்லாத நேரத்தில் நடந்ததை இனிமேல் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த மருத்துவர் உங்களிடம் எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை, இதையெல்லாம் வார்டு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது என்பதுதான் உண்மை.

மெக்னீசியம் பில்லுக்காக இல்லை

சிறுநீரகத்தில் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஒரு சேனல் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் அதன் உள்வாயில் அடைப்பான் மாதிரி உட்கார்ந்து ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. மெக்னீசியம் குறைந்தால் அடைப்பான் போய்விடும். நீங்கள் மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே ஒழுகும். குளோர்தாலிடோன் பொட்டாசியத்தை மட்டுமல்ல, மெக்னீசியத்தையும் சிறுநீரில் தள்ளும், பேதியிலும் அது போகும். அம்மாவின் 1.2-ஐச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றியிருந்தால் இன்னும் நான்கு நாள் அங்கேயே இருந்திருப்பீர்கள், பில் அப்போதுதான் கூடியிருக்கும். இன்னொன்று, க்யூடி இவ்வளவு நீண்டிருக்கும்போது மெக்னீசியம் நரம்பில் ஏற்றினால் க்யூடி பெரிதாகச் சுருங்காவிட்டாலும் தப்புத் துடிப்புகள் அடங்கும். முக்கியமாகக் கால்சியம் உள்ளே வருவதை அது தணிப்பதால். கடிதத்தில் இன்னோர் இடத்தில் நீங்கள் கேட்டிருப்பதுபோல் மெக்னீசியம் பொட்டாசியம் சேனலைத் "திறந்துவிடுவது" இல்லை, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

செல்லுக்கு வெளியே இருக்கும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்பது இதயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவரின் பெயர் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே தொங்கியிருக்கும். ரிங்கர் லாக்டேட் பாட்டில். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீரில் தயாரித்த உப்புநீரில் துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் தயாரித்ததில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். ஆக, அம்மாவின் ரிப்போர்ட்டில் கால்சியமும் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், அது குறைந்தாலும் க்யூடி நீளும்.

இளநீரும் அண்ணனும்

அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 1 குறைந்தால் உடம்பில் மொத்தமாக 200 முதல் 400 மில்லிமோல் போயிருக்கும் என்பது தோராயமான விதி, ஏனென்றால் உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் தெரிவது பால்மேல் மிதக்கும் ஆடை மாதிரி. அம்மாவுக்கு 300-இலிருந்து 600 வரை போயிருக்கலாம். ஒரு டம்ளர் இளநீரில் 10 முதல் 15, ஒரு வாழைப்பழத்தில் சுமார் 10. நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். குமட்டிக்கொண்டு வருகிற அந்தப் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மில்லியில் 20 இருக்கிறது, தண்ணீரில் நன்றாகக் கலந்து சாப்பாட்டுக்குப் பின் குடிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள குளோரைடும் தேவைதான், வாந்தியும் டையூரெட்டிக்கும் அதையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கும்.

இழப்பை ஈடுகட்ட இளநீர் போதாது, ஆனால் சிறுநீரகம் மந்தமானவருக்கு அதே இளநீர் ஆபத்தாகலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் "தினமும் இரண்டு" என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடாக இருக்கலாம். சிரப், இளநீர், அந்த உப்பு மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பொட்டாசியத்தை 6.5 ஆக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி: குளோர்தாலிடோனை அப்படியே தொடரக் கூடாது என்பதில் அண்ணனோடு நான் ஒத்துப்போகிறேன், ஆனால் பதிலுக்கு எதுவும் இல்லாமல் விட்டால் சில வாரத்தில் அழுத்தம் ஏறும், பக்கவாதம் இளநீருக்குக் கட்டுப்படாது. அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாறலாம், அல்லது பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் மாத்திரை ஒன்றைக் கூடச் சேர்க்கலாம். கடைசி வழியில் போனால் சிரப்பை நிறுத்த வேண்டிவரும், ஒரு வாரத்தில் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு முதல் இரண்டில் ஒன்று பிடித்திருக்கிறது. அம்மாவின் அழுத்த எண்களை நீங்கள் எழுதவில்லை, அதனால் முடிவை அவரைப் பார்க்கிற மருத்துவரிடம் விடுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் கையில் இருக்கிறது என்கிறீர்கள். ஈசிஜி நகல்களையும் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. சண்டை போடுவதற்காக இல்லை, அடுத்த ஈசிஜியை எதோடு ஒப்பிடுவது?

அந்த அடுத்த ஈசிஜியை இரண்டு வாரம் கழித்து எடுங்கள். அசித்ரோமைசின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். அன்றைக்கே பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், கிரியேட்டினின் நான்கும். பொட்டாசியம் 4-க்கு மேலே இருப்பது நல்லது, 3.5-ஐத் தொட்டுவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகும் க்யூடி நீளமாகவே இருந்தால் அப்போது உங்கள் மகளைப் பற்றிப் பேசலாம். ஹெர்க் மரபணுவிலேயே குறை உள்ள குடும்பங்கள் உண்டு. அதுவரை பிள்ளைக்கு ஓட்டப்பந்தயம் வேண்டாம் என்றெல்லாம் பயமுறுத்த வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள், நீச்சலிலோ ஓடும்போதோ மயங்கி விழுந்தவர்கள் யாராவது இருந்தால் மட்டும் காத்திருக்காமல் இதய மருத்துவரிடம் போங்கள்.

மெடிக்கல் கடைக்காரர் மேல் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், நியாயம்தான், அசித்ரோமைசின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து, சாதாரணப் பேதிக்குப் பெரும்பாலும் தேவையும் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதே கடையில்தான் அடுத்த முறையும் வாங்குவீர்கள். அதனால் அதற்கு முன் ஒரு அட்டை எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள்: "க்யூடி 530 ஆகியிருக்கிறது, பொட்டாசியம் 2.6. ஆண்டன்செட்ரான், டாம்பெரிடோன், அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல் கேட்காமல் கொடுக்க வேண்டாம்." கீழே உங்கள் போன் நம்பர். இனி வாந்தி பேதி வந்தால் முதல் நாளே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேளுங்கள். தலைசுற்றல், படபடப்பு வந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் ஈசிஜி எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

வகுப்பில் நெர்ன்ஸ்ட் நடத்தும்போது இரண்டு ஈசிஜிகளையும் பெயரை மறைத்துப் பக்கத்தில் ஒட்டிக் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.